பனி ஊருக்குப் போன சட்டைகள்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், தச்சநல்லூர் வீட்டு வாசலில் தபால் வண்டி வந்து நின்றது. பதினான்கு பொட்டலங்களை இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைத் துணியால் சுற்றி, ஓரம் தைத்து, அரக்கு வைத்த பொட்டலங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் கோமு தன் கையால் ஓரம் தைத்து அனுப்பியவை. சேரவேண்டிய வீட்டைப் பார்க்காமலே, யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய தாளோடு, கடல் கடந்து போய்க் கடல் கடந்து திரும்பி வந்திருந்தன.

கோமு ஒரு பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். துணி சில்லென்று இருந்தது. மழைக் குளிர்ச்சிதான். ஆனாலும் அது அந்தத் தூர ஊரின் குளிர்ச்சியாகவே அவளுக்குத் தோன்றியது. உள்ளே யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கூடத்தில் குமரகுருபரன் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பிருந்தா இரண்டு முறை சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவன் பார்வை பொட்டலங்களோடு வந்த நீளமான கடிதத்தை விட்டு எழவில்லை. அவன் அண்ணன், கோமுவின் கணவர் ஐயம்பெருமாள் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஆனால் வெகுநேரமாகப் பக்கம் புரட்டவில்லை.

கோமு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபது வயது. மாமியார் இல்லாத வீடு. கணவனின் தம்பி குமரகுருபரனுக்கு அப்போது ஒன்பது வயது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட ஆளில்லாமல் திரிந்த பிள்ளை. முதல் வாரமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டான். அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. முதல் சில வருஷம் அதைப் பற்றிக் கேட்டவர்கள் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவளும் குமருவின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்துக்கொண்டு, அவன் வளர வளர அளவைக் கூட்டிக்கொண்டு, காலத்தைக் கடத்திவிட்டாள்.

சட்டை தைப்பது அவளுக்குக் கை வந்த வேலை. பச்சைப்பிள்ளைக்கு ஜபலா தைத்தால், தையல் விளிம்பு பிள்ளையின் உடம்பில் படாதபடி வெளிப்பக்கம் மடித்துத் தைப்பாள். மல் துணியை ஆற்றுத் தண்ணீரில் மூன்று நாள் நனைத்து அலசி, நிழலில் காயப்போட்டு எடுத்தால் அது வெண்ணெய் மாதிரி இளகிவிடும். பாளையங்கோட்டைத் தபால் ஆபீசில் பார்சல் வாங்கும் அசன் முகம்மது, வெளிநாட்டில் நர்சாக இருக்கும் தன் மகளின் பிரசவத்துக்கென்று ஒரு தடவை நாலு ஜபலா தைத்து வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. மகள் ஜன்னத்துல் பிர்தௌஸ் இன்னும் பத்து கேட்டாள். பிறகு அவளோடு வேலை செய்த பெண்கள் கேட்டார்கள்.

குமரகுருபரன் அப்போது ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இன்டர்நெட் திருநெல்வேலிக்கு வந்த புதிது. டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால், அது கரகரவென்று கத்திவிட்டு அமைதியாகும். அந்த அமைதிக்குள்ளே உலகம் இருக்கிறது என்று அவன் மதினியிடம் சொன்னான். ஜபலாக்களைப் படம் பிடித்து ஒரு பக்கம் போட்டான். யாரென்றே தெரியாத தாய்மார்கள் அதைப் பார்த்துவிட்டு ஈமெயில் அனுப்பினார்கள். ஒரே வருஷத்தில் அவன் வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இதில் இறங்கினான். அதே வருஷம் அவனுக்கும் பிருந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது.

பெரும்பாலான சட்டைகள் பிர்தௌஸ் இருந்த நாட்டுக்கே போயின. வருஷத்தில் பாதி நாள் பனி பெய்கிற நாடு. அதன் பெயர் கோமுவின் வாயில் நுழையவில்லை. பனி ஊர் என்றே சொல்லுவாள். பனியை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவள் பிறந்த விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் உண்டு. சின்ன வயதில் அவளுடைய அப்பா வேலை விட்டு வரும்போது புருவத்திலும் மீசையிலும் பஞ்சு படிந்திருக்கும். வாசலில் நின்று துண்டால் தட்டினால் வெயிலில் அது மெல்லப் பறந்து இறங்கும். பனி ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம், பஞ்சு பறக்கும் ஒரு தெருவில், சன்னல் ஓரத்தில், தன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை கைகாலை உதறிக்கொண்டு கிடப்பது அவளுக்குத் தெரியும். மெஷினை நிறுத்தினால் அந்தப் பிள்ளை போய்விடும். அதனால் வேலை முடிந்த பிறகும் சில நேரம் வெறுமனே மிதித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், வீட்டு விலாசமும், மார்பளவும், கை நீளமும் இருந்தன. உச்சரிக்கத் தெரியாத பெயர்களையும் எழுத்துக்கூட்டி எழுதி வைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஆனியில்தான் சட்டம் மாறியது. அதுவரை பனி ஊரில் ஒரு சலுகை இருந்தது. பொட்டலம் சின்ன மதிப்புள்ளதென்றால் இறக்குமதித் தீர்வை கேட்காமல் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். திடீரென்று வெளிநாட்டுத் துணி எதுவானாலும் தீர்வை என்று ஆக்கிவிட்டார்கள். அதை வசூல் செய்வதற்கென்று தபால் இலாகா தனியாக ஒரு கட்டணமும் போட்டது. நாலு ஜபலாவுக்கு முன்னமே பணம் கட்டிவிட்ட தாய், வாசலில் வந்து நிற்கும் தபால்காரரிடம் கிட்டத்தட்ட இன்னொரு பங்கு கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். சிலர் கொடுத்தார்கள். சிலர் கோபமாக ஈமெயில் எழுதினார்கள். சிலர் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். புது ஆர்டர் வருவது பாதியாகக் குறைந்தது. குமரகுருபரன் சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டான். வேறு வழி ஏதாவது கிடைக்குமா என்று விசாரிக்க ஆடியில் ஒரு வாரம் சென்னைக்குப் போனான்.

அந்த வாரத்தில்தான் இந்தப் பதினான்கு பொட்டலங்களும் போயின. எப்போதும் பொட்டலத்தின்மேல் ஒட்டும் பச்சைச் சீட்டில், உள்ளே இருப்பது என்ன, அதன் விலை என்ன என்று பிருந்தா இங்கிலீஷில் எழுதுவாள். அனுப்புகிறவர் பெயர் கோமுவுடையது என்பதால் அவள் தமிழில் கையெழுத்துப் போடுவாள். அன்றைக்குக் கோமு ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எழுதாத சீட்டுகளைப் பிருந்தா கொண்டுவந்து நீட்டினாள். கோமு பதினான்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போது அந்தச் சீட்டுகள் குமரகுருபரன் கையில் இருந்தன.

"மதினி, கொஞ்சம் இங்கன வாங்க" என்றான்.

கோமு மடியிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவன் ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினான். குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? உறவுக்காரங்க குடுக்குற அன்பளிப்பாம். பழைய துணியாம். விலையே இல்லையாம். அந்த ஊரு சுங்கத்துல பிரிச்சுப் பாத்திருக்காங்க. உள்ள நம்ம ரசீது இருக்கு, அத்தனையும் புதுச்சட்டை. இனிமே உங்க பேர்ல வர்ற ஒவ்வொரு பார்சலையும் பிரிச்சுத்தான் பாப்பாங்களாம். பொய் சொல்லி அனுப்புறவங்கன்னு எழுதி வச்சிட்டாங்க... யாரு மதினி இப்படி எழுதச் சொன்னது?"

கோமு சீட்டைப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு, எதற்கென்று தெரியாமலே, அடுக்களை வாசலைப் பார்த்தாள்.

அங்கே பிருந்தா நின்றுகொண்டிருந்தாள். நிலைப்படியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. உதட்டில் ரத்தமே இல்லை. போன வருஷம் கரு தங்காமல் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது. இப்போது மறுபடியும் மூன்று மாதம். டாக்டரம்மா மாடிப்படி கூட ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் கோமு.

"நீங்களா?"

"ஆமா. அந்தத் தாய்மாருக்குத் தீர்வை இல்லாமப் போகும்லா... அதான்."

குமரகுருபரன் அவளையே பார்த்தான். ஒன்பது வயதிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அன்றைக்கு அதில் எழுதியிருந்ததை அவனால் படிக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்லா மதினி? வேலையை விட்டுட்டு இதை நம்பித்தானே நிக்கேன்... நீங்க இனிமே இதுல கை வைக்க வேண்டாம். தைக்கவும் வேண்டாம். எல்லாம் முடிஞ்சுபோச்சு."

கோமு கணவரைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர். அவள் ஒரு பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் பேப்பரை மடித்தார். "அவன் சொல்லுறதும் சரிதானே கோமு" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் நடக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. குமரகுருபரன் அவள் வைத்ததைச் சாப்பிட்டான், நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று சொல்லவில்லை. பிருந்தா அவள் இருக்கும் அறையில் இருக்கமாட்டாள். எதிரில் வந்தால் ஏதோ சொல்லப்போவதுபோல நிற்பாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். பதினைந்து நாள் பார்த்துவிட்டுக் கோமு ஒரு பையில் நாலு சேலையும் அந்த நோட்டையும் எடுத்து வைத்தாள். அண்ணன் மனைவிக்கு உடம்பு சரியில்லை, போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். எப்போது வருவாய் என்று யாரும் கேட்கவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் அவளுடைய அண்ணன் சிவசைலம் மில்லில் வேலை பார்த்தார். அவர் மனைவி சங்கரி பள்ளிக்கூட டீச்சர். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் அவள் காலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நாத்தனார் ஏன் வந்தாள் என்று அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேட்காமை வேறு மாதிரி இருந்தது. பின்கட்டில் ஒரு தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

மில் சங்கு ஊதும். சைக்கிள்கள் தெருவை நிறைத்துக்கொண்டு போகும். பிறகு மலையிலிருந்து இறங்கிவரும் மேகம் ஓட்டுக் கூரைகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கோமு ஆற்றுக்குப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பாள். பாபநாசத்துத் தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. இந்தத் தண்ணீர் எங்கெல்லாமோ போய்க் கடலில் சேர்ந்து, அந்தக் கடல் எங்கெல்லாமோ போய்ப் பனி ஊரின் கரையைத் தொடும் என்று நினைத்துக்கொள்வாள். அங்கே பதினான்கு பிள்ளைகள் அவள் சட்டை இல்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒருநாள் திடீரென்று அவளுக்கு உறைத்தது. மூன்று மாதப் பிள்ளைக்கென்று தைத்தது இனி யாருக்கும் சேராது. அந்தப் பிள்ளைகள் இப்போது தவழத் தொடங்கியிருப்பார்கள்.

அன்றைக்கே ஈரச்சேலையோடு வந்து சங்கரியிடம் உட்கார்ந்தாள். "மைனி, நான் சொல்லுறதை இங்கிலீசுல எழுதித் தருவியா?" என்று கேட்டாள்.

ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருந்தது. பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய், பார்சல் சன்னலுக்கு முன்னால் நின்றாள். அசன் முகம்மதுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இப்படி எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, மாட்டிக்கொள்கிறவர்கள் கொஞ்சம்தான் என்று வருத்தத்தோடு சொன்னார். நாலு ஜபலாவுக்குத் தீர்வை எவ்வளவு, தபால் கட்டணம் எவ்வளவு, பைசா சுத்தமாகத் தெரியவேண்டும் என்றாள் கோமு. அவர் மகளுக்கு எழுதிக் கேட்டு, பத்தே நாளில் பதில் வாங்கிக் கொடுத்தார். உண்மையை எழுதினால் சீட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

பதினான்கு கடிதம் போயிற்று. பிறகு வளர்ந்த அளவுகள் வந்தன. பதினோரு தாய்மார் பதில் எழுதினார்கள், மூன்று பேர் எழுதவில்லை. கோமு மறுபடியும் தைத்தாள். தாய்மார் வாசலில் கொடுக்கவேண்டிய தீர்வையை, தான் சேர்த்து வைத்திருந்த தையல் கூலியிலிருந்து அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கென்று மிஞ்சியது நூல் வாங்கத்தான் காணும். பச்சைச் சீட்டில் விற்பனை என்று எழுதி, முழு விலையையும் எழுதி, தன் பெயரிலேயே அனுப்பினாள். பிரித்துப் பார்க்கட்டும் என்று, பொட்டலத்தின் ஓரத்தைக்கூட லேசாகத்தான் தைத்திருந்தாள்.

மாசியில் பிருந்தாவுக்கு வளைகாப்பு வந்தது. கோமு முதல் பஸ்ஸில் போனாள். கூடம் நிறையப் பெண்கள். பிள்ளை பெற்றவர்கள் முதலில் வளையல் போடட்டும் என்று யாரோ ஒரு அத்தை பொதுவாகச் சொன்னாள். கோமு சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டாள். எல்லோரும் போட்டு முடித்த பிறகு, கடைசியில் அவளும் போய் இரண்டு கண்ணாடி வளையலை அந்தக் கையில் ஏற்றினாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. "அக்கா..." என்றாள் பிருந்தா. அதற்குள் யாரோ ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார்கள். கோமு பந்தியில் உட்காராமல் அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள். வழி முழுக்க அந்த வளையல் சத்தம் அவள் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தச்சநல்லூர் வீட்டின் முன்னால் ஆட்டோ வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். விடுமுறைக்கு மேலப்பாளையம் வந்திருந்த ஜன்னத்துல் பிர்தௌஸ். கோமு அக்காவைப் பார்க்கவேண்டும் என்றாள். மதினி ஊரில் இல்லை என்று குமரகுருபரன் சொன்னான். அவன் இப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கூடத்து மூலையில் அவனுடைய கம்ப்யூட்டர் துணி மூடிக் கிடந்தது.

பிர்தௌஸ் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். தன்னோடு வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் சட்டை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்றும், அக்கா எழுதியிருந்ததைவிட ஒரு பைசா கூடத் தபால்காரர் கேட்கவில்லை என்றும் சொன்னாள். இன்னும் இருபது பேர் கேட்கிறார்கள் என்று அவர்கள் பெயர்ப்பட்டியலையும் கொடுத்தாள். குமரகுருபரனுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தச் சட்டை என்று கேட்டான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள் ஆச்சரியத்தோடு கைப்பையிலிருந்து, அந்தப் பெண்களில் ஒருத்திக்கு வந்த கடிதத்தை எடுத்தாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் கோமுவின் கையெழுத்தில் தமிழ். பிர்தௌஸ் தமிழைப் படித்தாள்.

"அன்புள்ள தாய்க்கு, உங்கள் பிள்ளைக்குத் தைத்த சட்டையை நாங்கள் பொய் சொல்லி அனுப்பினோம். அதனால் அது உங்களிடம் வந்து சேரவில்லை. சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது, அதனால் பொய்யும் என்னுடையது. உங்கள் ஊரில் இப்போது துணிக்குத் தீர்வை உண்டு. வாங்குகிறவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லாமல் விட்டோம். அது எங்கள் இன்னொரு தவறு. கீழே எழுதியிருக்கிற தொகையைத் தபால்காரர் வாசலில் கேட்பார். அந்தத் தொகையை நீங்கள் கட்டிய பணத்திலிருந்து திருப்பித் தந்துவிடுகிறேன். பிள்ளை வளர்ந்திருக்கும். அளவு எழுதுங்கள். வேறு சட்டை தைத்துத் தருகிறேன். வேண்டாமென்றால் கட்டிய பணம் திரும்ப வரும். எங்கள் வீட்டில் சின்னவர்கள் நல்லவர்கள். என் பெயரை நினைத்து அவர்களைத் தவறாக நினைக்க வேண்டாம்."

அவள் படித்து முடிப்பதற்குள் அடுக்களையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிருந்தா நிறைவயிற்றோடு நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். குமரகுருபரன் ஓடிப்போய்ப் பிடித்தான். அவள் அவன் கையைத் தள்ளினாள்.

"அது நான் எழுதுனது" என்றாள்.

"எது?"

"அந்தச் சீட்டு... பதினாலும். அக்கா வெறுஞ்சீட்டுலதான் கையெழுத்துப் போட்டாங்க. நீங்க சாப்பிடாம கொள்ளாமக் கிடந்தீய. அன்பளிப்புன்னு எழுதுனா தீர்வை கிடையாதுன்னு என் சேக்காளி சொன்னா. அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க கேட்டப்ப எனக்கு நாக்கு எழும்பல... அக்கா தானா ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் சொல்லலாம், சொல்லலாம்னு... ஒவ்வொரு நாளும் சொல்ல முடியாமலே போயிட்டு."

ஐயம்பெருமாள் ஈஸிசேரிலிருந்து எழுந்து நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிர்தௌஸின் குழந்தை மட்டும் பாயில் கிடந்து தன் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். அலையக்கூடாது என்று எவ்வளவோ சொல்லியும் பிருந்தா கேட்கவில்லை. நான் போகாவிட்டால் வேறு யார் போவது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கோமு ஆற்றில் இருந்தாள். படித்துறையில் வெயில் இறங்கியிருந்தது. நனைத்த மல் துணி தண்ணீரில் நீளமாக மிதந்துகொண்டிருந்தது. யாரோ அக்கா என்று கூப்பிட்டதும், கனவில் கேட்ட குரல் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது, பிருந்தா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாசி படிந்த படியில் ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கனயே நில்லு. வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டு கோமு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்தாள். துணி கையை விட்டு நழுவி ஆற்றோடு போயிற்று. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிருந்தா அவள் தோளில் விழுந்து அழுதாள். என்ன சொன்னாள் என்பது அழுகையில் பாதி புரியவில்லை. ஏன் அக்கா, ஏன் எனக்காக என்று கேட்டது மட்டும் புரிந்தது.

"அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாத்தேன்" என்றாள் கோமு. "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப இருந்த அதே மூஞ்சி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தோணல." கொஞ்ச நேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள். "பழி ஏத்துக்கிட்டது எனக்குப் பெருசா வலிக்கல. நீ அஞ்சு மாசம் வாயைத் திறக்கலையே... அதுதான் வலிச்சுதும்மா."

பிருந்தா தலையை ஆட்டினாள். அந்த வலியைச் சொல்லிவிட்டதாலோ என்னவோ, கோமுவுக்கும் அப்போதுதான் கண்ணீர் வந்தது. இருவருமாகப் படியில் உட்கார்ந்து அழுதார்கள்.

குமரகுருபரன் இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தான். இறங்கிவந்து, ஒன்பது வயதுப் பிள்ளையைப்போல, மதினியின் கையைப் பிடித்துக்கொண்டான். ஈரமாயிருந்த அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டான். கடைசியில், மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறக்கலாமா, நீங்கள் வந்து தைப்பீர்களா என்று கேட்டான்.

"திற. ஆனா சட்டை படத்துக்குப் பக்கத்துல அந்த ஊருத் தீர்வை எம்புட்டுன்னு முதல்ல போடு. மாறுனா அன்னைக்கே மாத்திப் போடு. தெரிஞ்சு வாங்குறவ திருப்ப மாட்டா குமரு. வாசல்ல வந்து திடீர்னு கேட்டாத்தான் மனுசங்களுக்குக் கோவம் வருது."

சாயங்காலப் பஸ்ஸில் நாலு பேரும் திரும்பினார்கள். சங்கரி முறுக்கும் பழமும் கட்டிக் கொடுத்திருந்தாள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. அறுவடை முடிந்த வயல்களின்மேல் மஞ்சள் வெயில் படுத்திருந்தது, எங்கோ வைக்கோல் எரித்த புகை தரையோடு தவழ்ந்தது. பிருந்தா கோமுவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குமரகுருபரன் முன்சீட்டில் உட்கார்ந்து, அசன் முகம்மதின் மகள் கொடுத்த இருபது பெயர்களையும் மறுபடி மறுபடி படித்துக்கொண்டு வந்தான். கோமு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. வெளியே ஓடுவது வயலா, புகையா, தூரத்து ஊரின் பனியா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து ஐயம்பெருமாளின் குரல் வந்தது. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"கோமு... நான் அன்னைக்குப் பேசியிருக்கணும்."

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிருந்தாவின் தலை சரியாமல் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "பேசியிருக்கணும்."

கொஞ்ச தூரம் போன பிறகு, சீட்டின் மேல்கம்பியில் அவர் கை வந்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றது. கோமு அதைத் தள்ளவில்லை. பையத் தலையைச் சாய்த்து, அந்தக் கையின்மேல் வைத்துக்கொண்டாள். சேரன்மகாதேவி வரும்வரை அப்படியே இருந்தாள்.